விளக்கம்மாவுக்குப் பெயர் இருந்தது

"விளக்குக்கு எதுக்கு மாமா தெத்துப்பல்லு?"

அக்கா மகள் கேட்டாள். ஏழு வயது. சித்திரையில் ஊருக்கு வந்திருந்தவளைக் கோயிலுக்குக் கூட்டிப் போயிருந்தேன். அர்த்தமண்டப வாசலுக்கு இடப்பக்கம், கல் மேடையில், இரண்டு கையிலும் அகல் ஏந்தி ஒரு பெண் நிற்பாள். உலோகப் படிமம், மூன்றடி இருக்கும். "இவங்க என்ன சாமி?" என்று முதலில் கேட்டாள். "சாமி இல்லடா, பாவை விளக்கு" என்றேன். எங்கள் ஊரில் எல்லோரும் சொல்கிற பதில் அதுதான். நானும் யோசிக்காமல் சொல்லிவிட்டேன். அவள் மேடை விளிம்பைப் பிடித்துக்கொண்டு எக்கி, அந்த முகத்தைக் கிட்டத்தில் வைத்துப் பார்த்தாள். பிறகுதான் அந்தக் கேள்வி வந்தது.

பார்த்தேன். உண்மைதான். மேலுதடு இடப்பக்கம் ஒரு நூல் அளவு தூக்கியிருக்கிறது. உள்ளே பல் ஒன்று முன்தள்ளியிருந்தால் உதடு எப்படி மூடாமல் நிற்குமோ அப்படி. பல் வார்க்கப்படவில்லை. உதடு மட்டும் அதற்கு இடம் விட்டு ஒதுங்கி நிற்கிறது. நினைவு தெரிந்த நாளிலிருந்து அந்த முகத்தைப் பார்த்து வருகிறேன், அதை ஒருநாளும் கவனித்ததில்லை. குழந்தைக்குச் சொல்ல என்னிடம் பதில் இல்லை. வீட்டுக்கு வந்த பிறகும், அவர்கள் ரயிலேறிப் போன பிறகும், அந்தக் கேள்வி என்னை விடவில்லை. விளக்குக்குத் தெத்துப்பல் இருக்காது. ஆளுக்குத்தான் இருக்கும். அப்படியானால் இவள் யார்?

அப்பாயி அவளை "விளக்கம்மா" என்றுதான் சொல்லும். வியாழக்கிழமை சாயங்காலம் கோயில் விளக்குகளைத் துலக்குவது எங்கள் தெருப் பெண்களின் முறை. எங்கள் வீட்டு முறை வரும்போது நானும் கூடப் போவேன். புளி, சாம்பல், சலித்த செங்கல் பொடி, தேங்காய் நார் எல்லாம் ஒரு பழைய ஈயப் பாத்திரத்தில் இருக்கும். முகமும் தோளும் அப்பாயியின் பங்கு. முகத்தை மட்டும் நார் போடாமல் உள்ளங்கையாலேயே தேய்க்கும். "கண்ணு கரிக்கும் அவளுக்கு" என்று சொல்லும். பீடம் என் பங்கு. மேடையோரம் குந்தினால் என் கைக்குச் சரியாக வரும் உயரம் அது. பொன்னாக மின்ன வைத்தால் திரும்பும் வழியில் கடலை மிட்டாய் கிடைக்கும். அதனால் அழுத்தித் தேய்ப்பேன். இது பின்னால் தேவைப்படும் என்பதால் இங்கேயே சொல்லிவைக்கிறேன்.

பாவை விளக்கு தமிழருக்குப் புதிதல்ல. யவனர் செய்த பாவையின் கையிலிருக்கும் அகலில் நெய் வார்த்துத் திரியேற்றுகிற காட்சி நெடுநல்வாடையிலேயே உண்டு. பிற்காலத்தில் கோயிலுக்கு நேர்ந்துகொண்டவர்கள் பாவை விளக்குச் செய்து வைப்பது வழக்கமாயிற்று. சன்னிதியில் எப்போதும் ஒரு பெண் விளக்கேந்தி நிற்க வேண்டும். நாள் முழுக்க நிற்க மனுஷியால் முடியாது, உலோகத்தால் முடியும். எத்தனையோ கோயில்களில் கருவறைக்குப் போகும் வழியில் இவர்கள் நிற்கிறார்கள். நாம் சாமியைப் பார்க்கிற அவசரத்தில் இவர்களைத் தாண்டிப் போகிறோம். நின்று பார்ப்பவர்களும் "தீபலட்சுமி" என்று சொல்லிக் கன்னத்தில் போட்டுக்கொள்கிறார்கள். மரியாதையான சொல்தான். ஆனால் அந்தச் சொல் விழுந்ததும் அவள் யார் என்ற கேள்வி அங்கேயே மூடிப்போகிறது. லட்சுமிக்கு ஊர் ஏது, தகப்பன் பெயர் ஏது?

கணக்கும் பிசகும்

கைப்பேசியில் முன்னும் பின்னும் பக்கவாட்டிலும் படம் எடுத்துக்கொண்டு சுவாமிமலைக்குப் போனேன். தெரிந்த ஸ்தபதி ஒருவர் இருக்கிறார், மூன்று தலைமுறையாக வார்ப்பு வேலை. நான் போனபோது மெழுகில் ஒரு அம்மன் உருவாகிக்கொண்டிருந்தாள். தேன்மெழுகும் குங்கிலியமும் கடலை எண்ணெயும் சேர்த்துக் காய்ச்சிய மெழுகு, பக்கத்தில் தென்னை ஓலைக் கீற்று. படிமத்தின் உயரத்துக்கு ஓலையை நறுக்கி, அதைக் கணக்காக மடித்து மடித்து, முகம் இவ்வளவு, கழுத்து இவ்வளவு, முழங்கால் இவ்வளவு என்று பிரிப்பார்கள். ஒடியோலை என்று அதற்குப் பெயர். முக நீளம் ஒரு தாளம். அதை வைத்து நவதாளம், தசதாளம் என்று தெய்வத்துக்குத் தெய்வம் கணக்கு மாறும். மெழுகு உரு முடிந்ததும் காவிரி வண்டலை மேலே பூசிக் காயவைத்துச் சூடாக்கினால் மெழுகு உருகி வெளியேறும். அந்தக் காலியிடத்தில் உலோகத்தை ஊற்றி, ஆறியதும் மண்ணை உடைத்துவிடுவார்கள். கரு மிஞ்சாது. ஒரு மெழுகுக்கு ஒரு படிமம்தான். அதே உரு இன்னொரு முறை வராது.

படங்களைக் காட்டியதும் அவர் முகத்தைப் பார்க்கவில்லை, தோளைப் பார்த்தார். படத்தைப் பெரிதாக்கச் சொன்னார். பிறகு ஓலை நறுக்கு ஒன்றை எடுத்துத் திரையின் மேல் வைத்து வைத்துப் பார்த்தார்.

"இடது தோள் இறங்கியிருக்கு பாருங்க. கழுத்தும் கட்டை. தாளத்துக்குள்ள இது அடங்கல."

"செஞ்சவங்க தப்பா இருக்குமோ?" என்றேன்.

"கணக்குக்குள்ள இருந்தா அது தெய்வம். பிசகினா, ஒண்ணு செஞ்சவன் கத்துக்குட்டியா இருக்கணும், இல்லாட்டி அவனுக்கு எதிர்ல ஒரு ஆளு நின்னுருக்கணும்." விளக்கேந்திய விரல்களை இன்னும் பெரிதாக்கினார். அகலின் கனம் உள்ளங்கையில் இறங்க, சுண்டுவிரல் மட்டும் தனியே மடங்கித் தாங்குகிற இடம் அது. கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தார். "இந்த விரலைப் பிடிச்சவன் கத்துக்குட்டி இல்ல சார்."

இடது தோள் ஏன் இறங்கியது என்று நான் கேட்கவில்லை. பேருந்தில் திரும்பும்போது தானாகவே தெரிந்தது. அப்பாயிக்கும் அப்படித்தான் இருந்தது. நாற்பது ஐம்பது வருஷம் இடது இடுப்பில் குடம் சுமந்தால் தோள் அந்தப் பக்கம் சாயும்.

பெயர் இருக்கிறது, முகம் இல்லை

அதன்பிறகு சில மாதம் இதையேதான் படித்தேன். படிக்கப் படிக்க, நம் கல்வெட்டுகள் பெண்களின் பெயர்களை எவ்வளவு கவனமாக வெட்டி வைத்திருக்கின்றன என்பது பிடிபட்டது. தஞ்சைப் பெரிய கோயில் மதிலில் 400 தளிச்சேரிப் பெண்டுகளின், அதாவது கோயிலையொட்டிய தெருக்களில் குடிவைக்கப்பட்ட ஆடற்பெண்களின், பெயர்கள் இருக்கின்றன. எந்தக் கோயிலிலிருந்து வந்தவள், எந்தச் சிறகில், அதாவது தெரு வரிசையில், எத்தனையாவது வீடு, எல்லாம் உண்டு. தெற்குத் தளிச்சேரித் தென்சிறகின் முதல் வீட்டில் இருந்தவள் நக்கன் சேரமங்கை, திருவையாற்றிலிருந்து வந்தவள். ஆயிரம் வருஷம் கழித்தும் அவள் வீட்டு வாசல் தெரிகிறது. ஆளுக்கு ஆண்டுக்கு 100 கலம் நெல் பங்கு என்பதும் தெரிகிறது. முகம்தான் தெரியவில்லை. திருவாரூரில் ராஜேந்திர சோழனும் அவனுக்கு நெருக்கமான துணைவி, அணுக்கி பரவை நங்கையும் சேர்ந்து நின்று கும்பிட்ட இடம் எதுவென்று தெரியும்படி அங்கே ஒரு குத்துவிளக்கு வைத்ததாகக் கல்வெட்டு சொல்கிறது. இருவரும் நின்ற இடத்துக்கு விளக்கையே அடையாளமாக வைத்திருக்கிறார்கள். இதைப் படித்த அன்று அடுத்த வரிக்குப் போக மனசே வரவில்லை.

செம்பியன் மாதேவியின் கதை இன்னும் சிக்கலானது. கண்டராதித்தர் தேவி, உத்தம சோழரைத் திருவயிறு வாய்த்த பிராட்டி. கோனேரிராஜபுரம் உட்பட எத்தனையோ கோயில்களைக் கற்றளியாக, கல்லால் கட்டிய கோயிலாக, மாற்றியவர். அவர் பிறந்தது சித்திரைக் கேட்டை. அந்த நாளைக் கொண்டாட மருமகள்கள் நிவந்தம், அதாவது கோயிலுக்கு அறக்கொடை, விட்டிருக்கிறார்கள். அவர் பெயரிலேயே நாகப்பட்டினம் பக்கம் ஊர் இருக்கிறது. அங்குள்ள கைலாசநாதர் கோயிலில் ராஜேந்திரன் காலத்தில் அவருக்குப் படிமமே எழுந்தருளுவித்தார்கள். இப்போது வாஷிங்டனின் ஃப்ரீயர் கலைக்கூடத்தில் ஒரு வெண்கலப் பெண் நிற்கிறாள். 107 சென்டிமீட்டர் உயரம், 10-ஆம் நூற்றாண்டு, 1929-ல் அந்தக் கலைக்கூடம் வாங்கியது. சரிந்த தோள்கள், நீண்டு தொங்கும் கை, மிக ஒடுங்கிய இடை. "பார்வதியாகச் செம்பியன் மாதேவி" என்று பெயர்ப்பலகை சொல்கிறது. அந்தப் பெயரை வைத்தது கல்வெட்டல்ல, நம் காலத்து அறிஞர்கள். அம்மனின் கணக்குக்கு இந்த உடல் அடங்கவில்லையே, அப்படியானால் இது மனுஷி, அந்தக் காலத்துப் பெரிய மனுஷி யாரென்றால் செம்பியன் மாதேவி என்று போகிறது அந்த யோசனை. ஏற்காத அறிஞர்களும் உண்டு. ஸ்தபதி ஓலை நறுக்கை வைத்துச் சொன்னதும் கிட்டத்தட்ட இதே யோசனைதான். ஆனால் அவர் "ஆளு" என்று சொன்னதோடு நிறுத்திக்கொண்டார். எந்த ஆள் என்று சொல்லவில்லை. அந்த நிறுத்தம் எனக்குப் பெரிய மரியாதையாகப் படுகிறது.

மொகஞ்சதாரோவில் 1926-ல் கிடைத்த பத்தரை சென்டிமீட்டர் வெண்கலச் சிறுமிக்கும் இதேதான் நடந்தது. இடுப்பில் கை வைத்து நிற்கிறாள், கை நிறைய வளையல். "நடனப் பெண்" என்று அன்று வைத்த பெயர் இன்றுவரை பாடப்புத்தகத்தில் இருக்கிறது. அவள் ஆடியதற்கு அந்தப் படிமத்தில் ஒரு சாட்சியும் கிடையாது. சும்மா நிற்கக் கூடாதா ஒரு பெண்? தெரியாத பெண்ணைத் தெரியாதவளாகவே விட்டுவைக்க நமக்குப் பொறுமை இருப்பதில்லை. ஒன்று ராணியாக்குகிறோம், இல்லாவிட்டால் தெய்வமாக்குகிறோம், அதுவும் இல்லையென்றால் ஆடவிடுகிறோம்.

திருவிடைமருதூர்

எல்லாம் மாறியது திருவிடைமருதூரில். மகாலிங்க சுவாமி கோயிலுக்கு எத்தனையோ தடவை போயிருக்கிறேன். அங்கே இருக்கும் பாவை விளக்கைப் பற்றிப் படித்துவிட்டு, அதற்காகவே போனது இந்த முறைதான். பித்தளைப் படிமம். தஞ்சை மராத்திய அரச குடும்பத்தைச் சேர்ந்த அம்முனு அம்மணி என்ற பெண்ணின் உருவம். உறவுக்காரரான பிரதாபசிம்மரை மனசில் வரித்திருந்தாள். அவரையே மணக்க வேண்டும், நடந்தால் லட்ச தீபம் ஏற்றுகிறேன் என்று வேண்டிக்கொண்டாள். நடந்தது. லட்ச தீபம் ஏற்றினாள், அதில் ஒரு தீபமாகத் தன்னையே செய்து வைத்தாள். வருஷம் 1853. தஞ்சை அரசே இன்னும் இரண்டு வருஷத்தில் கும்பினியார், அதாவது கிழக்கிந்தியக் கம்பெனி, கைக்குப் போய்விடப் போகிறது. அரசு போய்விட்டது, அவள் நிற்கிறாள்.

இவ்வளவும் நமக்கு எப்படித் தெரியும்? பீடத்தில் எழுதியிருக்கிறது. தமிழில். அவள் பெயர், அவன் பெயர், வேண்டுதல், எல்லாம்.

நான் அங்கே முகத்தைப் பார்க்கப் போனவன். குனிந்து பீடத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். உள்ளே என்னவோ இறங்கியது. எங்கள் ஊர் விளக்கம்மாவின் தோளைப் பார்த்தாயிற்று, உதட்டைப் பார்த்தாயிற்று, விரலைப் பார்த்தாயிற்று. பெயர் எழுதுகிற இடம் பீடம். அந்தப் பீடம் வருஷக்கணக்காக யார் பங்கில் இருந்தது?

அன்று சாயங்காலமே ஊருக்குப் போனேன். நடை திறக்க நேரம் இருந்தது. குருக்களய்யாவிடம் விஷயத்தைச் சொன்னேன், "பாருங்கோ, பாருங்கோ" என்று அவரே மின்விளக்கை அணைத்தார். டார்ச்சைப் பீடத்துக்கு ஒட்டினாற்போலச் சாய்த்துப் பிடித்தேன். நேராக அடித்தால் ஒன்றும் தெரியாது, சாய்த்து அடித்தால் சின்னப் பள்ளத்துக்கும் நிழல் விழும். முன்பக்கம் கண்ணாடி மாதிரி மழமழவென்று இருந்தது. ஒரு கீறல் இல்லை. வலது ஓரத்தில், மேடைக்குப் பின்னாலிருக்கும் தூணை ஒட்டித் திரும்புகிற இடத்தில், எண்ணெய்ப் பிசுக்கு கெட்டியாக உறைந்து கறுத்துக் கிடந்தது. கை நுழையாத சந்து. குருக்களய்யா திருநீற்றுத் தட்டிலிருந்து ஒரு சிட்டிகை எடுத்துக் கொடுத்தார். பிசுக்கை நகத்தால் மெதுவாக நெம்பிவிட்டுத் திருநீற்றைத் தடவித் துணியால் ஒற்றினேன். வெள்ளையாக எழுத்துகள் எழுந்தன. உளி எழுத்து. வரிசை கொஞ்சம் கோணல்.

"ம்மாள் உபயம்."

அவ்வளவுதான். அதற்கு இடப்பக்கம் ஒரு எழுத்தின் வால் மாதிரி வளைவு ஒன்று, அதற்கும் இடப்பக்கம் மழமழப்பு. மீனம்மாளோ, தையம்மாளோ, செல்லம்மாளோ. ஊர் இருந்திருக்கலாம், யார் மகள் என்று இருந்திருக்கலாம், என்ன வேண்டிக்கொண்டாள் என்பதும் இருந்திருக்கலாம். அந்த மழமழப்பில் விரலை வைத்தேன். என் கைக்குப் பழகிய இடம். கடலை மிட்டாய்க்காகச் செங்கல் பொடி போட்டு நான் அழுத்தித் தேய்த்த அதே இடம். எனக்கு முன்னால் எத்தனையோ பிள்ளைகள் தேய்த்திருப்பார்கள், என் ஒருவன் கை மட்டும் அழித்த எழுத்தில்லை. அது தெரிந்தும் ஆறவில்லை. அவளைத் தெரிந்துகொள்ள மிச்சமிருந்த ஒரே வழியை, அவளைக் கும்பிடுகிறோம் என்று நினைத்துக்கொண்டே தேய்த்து எடுத்திருக்கிறோம். முகத்தில் நார் போடக்கூடாது என்று தெரிந்திருந்த அப்பாயிக்குப் பீடத்தில் எழுத்திருப்பது தெரியாது. அப்பாயிக்கு எழுதப் படிக்கவும் தெரியாது.

"உபயம்" என்று இருப்பதாலேயே அந்த அம்மாள்தான் இந்த உருவம் என்று அடித்துச் சொல்ல முடியாது. மகளுக்காக ஒரு தாய் செய்து வைத்திருக்கலாம், செத்துப்போன தங்கைக்காக அக்கா செய்து வைத்திருக்கலாம். அந்தத் தெத்துப்பல் யாருடையது என்று கேட்டால் இப்போதும் எனக்குப் பதில் தெரியாது. ஆனால் யாரோ ஒருத்தியுடையது. ஒரு வார்ப்புக்காரன் அதைப் பார்த்திருக்கிறான். மறைக்காமல் மெழுகில் எடுத்திருக்கிறான். அவளும் அப்படியே இருக்கட்டும் என்று ஒப்புக்கொண்டிருக்கிறாள். சன்னிதி வாசலில், சாமிக்கு நேரே, தன் பல்லோடும் தன் தோளோடும் நிற்கச் சம்மதித்த பெண் அவள்.

ஒரு கவலையும் சேர்ந்துகொண்டது. கோயில் சொத்துப் பதிவேட்டில் அவள் "பாவை விளக்கு – 1" என்று இருக்கிறாள், கூட எடையும் உண்டு. மூலவருக்கும் உற்சவருக்கும் படம் இருக்கிறது, அளவு இருக்கிறது. புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனத்தில் 1950-களிலிருந்து எடுத்து வைத்த கோயில் படங்களைக் காட்டித்தான் திருட்டுப்போன தெய்வங்கள் பலவற்றை அடையாளம் சொல்ல முடிந்தது. ஸ்ரீபுரந்தான் நடராசர் 2014-ல் ஆஸ்திரேலியாவிலிருந்து திரும்பி வந்தார். இவள் காணாமல் போனால் எதைக் காட்டிக் கேட்பது? விளக்கு ஒன்று, இத்தனை கிலோ என்றா? அதனால் நாலு பக்கமும் படம் எடுத்து, அங்குலத்தில் அளந்து, தோள் சரிவு, உதடு, அந்த ஆறேழு எழுத்து எல்லாவற்றையும் எழுதி இரண்டு பிரதி போட்டேன். ஒன்று கோயில் அலுவலகத்தில், ஒன்று என்னிடம். உங்கள் ஊர்க் கோயிலிலும் ஒருத்தி நிற்பாள். படம் எடுங்கள். குனிந்து பீடத்தையும் எடுங்கள். புளி போட்டுத் துலக்குவதற்கு முன்னால் எடுங்கள்.

இப்போது துலக்குவது கீழத்தெரு அக்கா ஒருவர். போன வியாழக்கிழமை போய் அவரிடம் அந்தச் சந்தைக் காட்டி, "அக்கா, இந்தப் பக்கம் மட்டும் நாரு போடாதீங்க, எழுத்து இருக்கு" என்றேன். குனிந்து பார்த்தார். படிக்கத் தெரிந்தவர். "ம்மாள்" என்று வாய்விட்டுப் படித்தார்.

"அப்ப இங்க மட்டும் கறுத்துக் கெடக்குமே தம்பி. துலக்கலைன்னு என்னைத்தானே சொல்லுவாங்க?"

"யாராவது கேட்டா என்னைச் சொல்லுங்கக்கா."

அவர் கொஞ்சம் யோசித்தார். பிறகு நாரை ஈயப் பாத்திரத்தில் போட்டுவிட்டு, முந்தானை நுனியை நனைத்து, எழுத்துக்கு மேலே பட்டும் படாமலும் ஒருமுறை துடைத்துவிட்டு, "அந்தப் பக்கம் நான் பாத்துக்கறேன்" என்று சொல்லி அவள் முகத்தை உள்ளங்கையால் தேய்க்க ஆரம்பித்தார்.